மெக்ரே துரை சாத்திய கதவு

வத்தேகமவிலிருந்து மேலேறும் பாதையின் கடைசி வளைவில் முச்சக்கரவண்டி நின்றதுமே சஞ்சீவனிக்கு அந்தப் பங்களா பிடித்துப்போனது. அவளும் கணவன் தனபாலனும் அங்கே தங்கி, வரும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சமைத்துப்போட்டு வீட்டையும் பார்த்துக்கொள்ள வந்திருந்தார்கள். கைக்குழந்தைக்கு நல்ல காற்று. வேறென்ன வேண்டும்?

கட்டியவர் மெக்ரே என்ற ஸ்கொட்லாந்து வியாபாரி. மலையில் தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கப்பலேறி வந்தவர். மலையெல்லாம் கோப்பி வாங்கிக் கொழும்புக்கு அனுப்பி, பெரும் பணக்காரராகி, ஊர் திரும்பாமலே இங்கே மாண்டுபோனார். முன்னறையில் அவருடைய படம் தொங்கியது. சிவந்த தாடி, எதையோ தொலைத்தவரின் பார்வை.

மீதியைத் தோட்டக்காரர் வீரையா சொன்னார்.

"கூலிக்காரங்க லயத்துப் பொண்ணு ஒருத்தியோட குடும்பம் நடத்துனாரு. புள்ள பொறந்ததும் புள்ளய மட்டும் வச்சிக்கிட்டு, அவள வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டாரு. மழையில தட்டிக்கிட்டே கெடந்து செத்துப்போனா. பாலில்லாம புள்ளயும் போயிருச்சு. அப்புறம் தொரை இந்த வீட்ட விட்டு எறங்கவே இல்ல."

"சும்மா பயங்காட்டாதீங்கண்ணே," என்று அவள் சிரித்தாள்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல். தனபாலன் சாமான் வாங்கக் கண்டிக்குப் போயிருந்தான். மலையை மூடுபனி விழுங்க, சடசடவென்று மழை பிடித்தது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் பின்வாசலால் ஓடினாள் சஞ்சீவனி. திரும்பி வந்தால் கதவு சாத்திக் கிடந்தது. காற்றாக இருக்கும் என்று தள்ளினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வீட்டில் தொட்டிலில் உறங்கும் குழந்தையைத் தவிர யாருமில்லை.

முன்வாசலுக்கு ஓடினாள். அந்தக் கதவும் திறக்கவில்லை. இடுக்கு வழியே வறுத்த கோப்பியும் சுருட்டுப் புகையும் மணத்தன. உள்ளே குழந்தை வீறிட்டது. கனத்த சப்பாத்துக் கால்கள் மரத்தளத்தில் மெதுவாக நடந்தன, அந்த அழுகையை நோக்கி.

ஓர் ஆண்குரல் புரியாத மொழியில் ஏதோ பாடியது.

அழுகை நின்றது.

"தொரை... கதவத் தெறங்க... அது எம் புள்ள..."

பாட்டும் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், அவள் முகத்துக்கு நேரே, யாரோ மூச்சு விட்டார்கள்.

தாழ்ப்பாள் அசையவில்லை.

அப்போது அவளுக்குப் பக்கத்தில், மழைக்குள், இன்னொரு கை கதவைத் தட்டத் தொடங்கியது.

சஞ்சீவனி திரும்பிப் பார்க்கவில்லை. பூச்சட்டியைத் தூக்கி ஜன்னலில் அடித்தாள். கண்ணாடி கையைக் கிழிக்கக் கிழிக்க உள்ளே இறங்கினாள். துரை அந்தக் காலத்தில் உட்கார்ந்த பெரிய கதிரையில் குழந்தை கிடந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது, உயிர் இருந்தது. வாரி அணைத்துக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து ஓடினாள். கதவை அகலத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள்.

அன்றே, தனபாலன் திரும்பியதும், குழந்தையோடு இருவரும் குண்டசாலையிலிருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் நல்ல வெயில். முற்றத்தில் துணி காயப்போட்டுவிட்டு வந்து குழந்தையைப் பாலுக்கு எடுத்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு நிறைந்திருந்தது. கடைவாயில் பால் வழிந்தது.

"அக்கா, புள்ளைக்குப் புட்டிப்பால் ஏதும் குடுத்தியா?"

அக்கா கையில் துவாயோடு வந்தாள்.

"நான் எங்க குடுத்தேன்? நீதானே இப்ப மொகத்தத் திருப்பி ஒக்காந்து பால் குடுத்துக்கிட்டிருந்த. தல சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கேன்னுதான் இத எடுக்கப் போனேன்."

சஞ்சீவனி தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது.