வலப்பக்கத்தில் இரண்டு பெயர்கள்

“சனிக்கிழமை அஞ்சு மணி ஆட்டத்துக்கு வராம இருக்க, செத்துப்போயிட்டேன்னு சொன்னாக்கூட நம்ம பிளாக்குல ஒத்துக்க மாட்டோம்,” என்றார் பொம்பிலியு மாமா. “ரேமுஸ் மூணு சனியா வந்துட்டுத்தான் இருக்கான். போன வாரம் என்னை ரெண்டு தடவ சுட்டான்.”

ரேமுஸ் செத்த நாற்பதாம் நாள் சாப்பாட்டில், அவன் தாய் அவுரிகா அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அவர் இதைச் சொன்னார்; சொல்லிவிட்டு ஒன்பதாவது முட்டைக்கோஸ் உருண்டையை எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் பிரேயிலா நகரில் டிராம் ஓட்டியவர். ஒரு குளிர்காலத்தில் உறைந்த டான்யூப் நதியின் மேலேயே டிராமை அக்கரைக்கு ஓட்டிப் போனதாகச் சொல்பவர். இப்போது பிளாக்கின் நிர்வாகி என்பதால் எண்பது வீட்டு மாற்றுச் சாவியும் எண்பது வீட்டு ரகசியமும் அவர் பையில்தான்.

“அது நான் சுட்டது மாமா,” என்றான் ஒக்தாவ்.

“நீயா? நீ கிணத்துப் பக்கம் ஒளிஞ்சுக்கிட்டு இருந்தே.”

“அப்போ அவன் பேரு ஆட்டத்துப் பட்டியல்ல ஏன் வரல?”

“நமக்கு எதுக்குடா காட்டணும்? நாம உசுரோட இருக்கோமே.”

ஒக்தாவ் வாய்விட்டுச் சிரித்தான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். கம்பி போய்ச் சேராத இடத்தில் விளக்கு எரியாது என்பதுதான் அவனுக்கிருந்த ஒரே மதம்.

அந்தக் கணினி ஆட்டத்துக்கான கம்பியை இழுத்ததும் அவன்தான். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் அவனும் ரேமுஸும் மாமாவும் மாமாவின் மச்சினன் செவாஸ்தியனும் மொட்டை மாடிக்கு மாடி கேபிள் வீசினார்கள். அதில் உட்கார்ந்த புறாக்களுக்கெல்லாம் அந்தக் காலத்தில் ஆட்டத்தின் புள்ளிக்கணக்கு மனப்பாடம். ஆட்டத்தை நடத்தும் சாம்பல் நிறப் பெட்டி லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தது. அதை இதுவரை யாரும் அணைத்ததில்லை. ஊரே இருண்ட வெள்ளத்தன்றும் அது மட்டும் முனகிக்கொண்டு இருந்ததாம்.

துப்பாக்கியும் கையுமாக நுழைகிற ஒரு மஞ்சள் மணல் ஊர். ஒரு கிணறு, இரண்டு வளைவுகள், ஒரு மரக்கதவு, அவ்வளவுதான். சுவரெல்லாம் அட்டையில் வெட்டி ஒட்டியது போலிருக்கும். இலை அசைவதும் வியர்வை வழிவதும் தெரிகிற புது ஆட்டங்கள் எத்தனையோ வந்தன. நால்வரும் ஒரு வாரம் எட்டிப் பார்த்துவிட்டு மணல் ஊருக்கே திரும்பினார்கள். அங்கே யாருக்கும் முடி கொட்டவில்லை, யார் மனைவியும் இத்தாலிக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிடவில்லை. காலடிச் சத்தத்தை வைத்தே யார் வருவது என்று சொல்லிவிடலாம். ரேமுஸ் மரக்கதவுக்கு வந்தால் உள்ளே நுழையுமுன் கதவிலேயே இரண்டு குண்டு சுடுவான். டக், டக். எதிரிக்குத் தெரியும்தான். “அம்மா கதவைத் தட்டிட்டுப் போகணும்னு வளத்திருக்காங்க,” என்பான்.

எப்போதும் மாமாவும் செவாஸ்தியனும் ஒரு பக்கம், ரேமுஸும் ஒக்தாவும் மறுபக்கம். பட்டியலில் இடப்பக்கம் அவர்கள் பெயர், வலப்பக்கம் இவர்கள் பெயர். நால்வர் பேச்சும் நால்வருக்கும் கேட்கும், ஒரே ஒரு நேரம் தவிர. ஆட்டத்தில் சுடப்பட்டுச் செத்தவன் பேசினால் அது உயிரோடு இருப்பவன் காதில் விழாது. செத்தவனுக்குச் செத்தவன் பேச்சு மட்டும் கேட்கும். உயிரோடு இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த சுற்றுவரை அவன் சும்மா கிடக்க வேண்டும்.

ரேமுஸ் போன பிறகு வலப்பக்கம் ஒக்தாவ் தனி ஆள்.

நாலே முக்காலுக்கு அவுரிகா அம்மாவிடம் விடைபெற்றான். நவம்பர்ப் பனி நதியிலிருந்து எழுந்து பிளாக்குகளின் இடுப்புவரை வந்துவிட்டிருந்தது. தன் பிளாக்கின் படிக்கட்டில் கால் வைத்தபோது விளக்கு எரியவில்லை. ஆள் அசைந்தால் தானே எரியும் விளக்கு அது, அவனே மாட்டியது. கையை ஆட்டினான். குதித்தும் பார்த்தான். இருட்டு அப்படியே நின்றது. தரை மெழுகின் வாசனை, யார் வீட்டிலோ மிளகாய் சுடும் வாசனை, அதற்கடியில் அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை. சென்சார் போயிருக்கும், திங்கட்கிழமை பார்க்கணும் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் மாடியில் ஒரு நாய் உண்டு. பதினொரு வருஷமாக, தபால்காரன் முதல் பாதிரியார்வரை யார் போனாலும் கதவைப் பிய்க்கும் நாய். ஒக்தாவ் அதன் வாசலைத் தாண்டினான். உள்ளே அது தண்ணீர் நக்கிக் குடிக்கும் சத்தம் கேட்டது. நிறுத்தவில்லை.

மூன்றாம் மாடிக்கு வந்தபோது கீழே யாரோ நுழைந்தார்கள். விளக்குகள் மாடி மாடியாக ஒழுங்காக எரிந்து மேலே வந்தன.

ஒக்தாவ் வீட்டுக்குள் போய்த் தாழிட்டான். ஐந்து அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. காதில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்ததும் மணல் ஊர் மஞ்சளாக விரிந்தது. அதைப் பார்த்ததும் மார்பு கொஞ்சம் இளகியது.

“ஒக்தாவ் இன்னும் வரலையா?” மாமாவின் குரல்.

“வந்துட்டேன் மாமா.”

“பய சாப்பிட்டுட்டுப் படுத்திருப்பான்,” என்றான் செவாஸ்தியன்.

“மாமா, கேக்குதா?”

“அவன் வரட்டும், ஒரு விஷயம் வச்சிருக்கேன்.” மாமா குலுங்கிச் சிரித்தார். “சாப்பாட்டு மேசையில சொன்னா அவுரிகா அழுவான்னு அடக்கிக்கிட்டேன். காலைல கோயில்ல பாதிரியார் பேர்ப் பட்டியல் வாசிச்சாரே, நீ தூங்கிட்டே. உசுரோட இருக்கறவங்க இடப்பக்கம், போனவங்க வலப்பக்கம். வலப்பக்கம் என்னா வாசிச்சாரு தெரியுமா? ரேமுஸ், ஒக்தாவ்.”

“அய்யோ. யாரு எழுதினா?”

“அவனேதான். பெரிய பகுத்தறிவாளி.”

ஒக்தாவின் விரல்கள் சுட்டியின் மேல் நின்றன. காலையில் அவுரிகா அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடிச் சலித்துப் பேனாவை அவன் கையில் கொடுத்திருந்தாள். “எப்பவும் போல ரெண்டு வரிசை, கண்ணு. ரேமுஸ் பேரை வலப்பக்கம் மொதல்ல போடு. அப்புறம் உங்க பேரெல்லாம். உங்களுக்கும் வேண்டிக்கட்டும்.” கல்யாணத்துக்குப் பின் கோயில் வாசல் மிதிக்காதவனுக்கு எந்த வரிசை எதற்கென்று எங்கே தெரியும்? இருபத்து மூன்று வருஷமாகப் பார்த்த பட்டியலைக் கை தானாக எழுதியது. மாமாவும் செவாஸ்தியனும் அவுரிகா அம்மாவும் இடப்பக்கம். ரேமுஸும் அவனும் வலப்பக்கம். அவள் பார்க்காமலே மடித்து, படையல் ரொட்டியோடு சேர்த்துப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டாள். பாதிரியார் வாசித்தபோது ஒக்தாவ் வெளியே மரத்தடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

காகிதம். வெறும் காகிதம். அவன் பட்டியலைத் திறந்தான்.

இடப்பக்கம் இரண்டு பெயர். வலப்பக்கமும் இரண்டு.

ஹெட்போனுக்குள் மரக்கதவில் சத்தம் கேட்டது. டக், டக்.

“சத்தம் போடாதடா,” என்றது ஒரு குரல், மிக அருகில், பழைய சளி கட்டிய குரல். “அவங்களுக்குக் கேக்காது. எனக்கு மட்டும்தான் கேக்கும்.”

திரையில் ஒக்தாவின் பொம்மை மணலில் நின்றுகொண்டிருந்தது. நூறு உயிர்ப்புள்ளியும் அப்படியே. ஒரு குண்டும் படவில்லை.

“நான் இன்னும் சாகல,” என்றான்.

“ஆட்டத்துல சாகல.”

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தான். போனை எடுத்தான். அவுரிகா அம்மா பாதிரியாரிடம் சொன்னால் போதும், பெயரை அடித்துவிட்டு இடப்பக்கம் எழுதித் திரும்ப வாசிப்பார். ஐந்து நிமிஷ வேலை. மணி அடித்தது. எடுத்தாள்.

“அம்மா, நான் ஒக்தாவ். அந்தப் பட்டியல்—”

“அலோ? யாரு?”

“அம்மா!”

“ஒண்ணும் கேக்கலியே.” பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தம். “ரேமுஸ்?” என்றாள் மிக மெதுவாக. பிறகு வைத்துவிட்டாள்.

வாசலுக்கு ஓடினான். தாழ் அசையவில்லை. கையில் தாழின் குளிர்ச்சியும் இல்லை. எந்தச் சூடும் இல்லை.

வெளியே படிக்கட்டில் விளக்குகள் எரிந்து வந்தன. ஒவ்வொரு மாடியாக. நாய் குரைத்தது. மாமாவின் மூச்சிரைப்பு. வாசலில் இரண்டு தட்டு.

“ஒக்தாவ்? டேய், கோவமா? தமாஷுக்குச் சொன்னேன்டா.”

“மாமா, இங்கதான் இருக்கேன். கதவைத் தெறங்க.”

சாவிக்கொத்து கலகலத்தது. எண்பது சாவியில் ஒன்று. ஒக்தாவால் நகர்த்த முடியாத தாழ் மாமாவின் ஒரே உந்தலில் கழன்று விழுந்தது. அவர் உள்ளே வந்தார். ஒக்தாவின் தோளுக்கு ஒரு விரல் தள்ளி நடந்தார். கணினி நாற்காலியின் முன் நின்றார், அதிலிருந்து தொங்கிய கையைத் தொட்டுப் பார்த்தார்.

தொப்பியைக் கழற்றினார்.

வாழ்நாளில் ஒரு விஷயத்தையும் சின்னதாகச் சொல்லியறியாத மனுஷர், போனில் செவாஸ்தியனிடம் மூன்றே வார்த்தை சொன்னார். “கை சூடாருக்கு. வா.”

ஒக்தாவ் நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்தான். நாற்பதாம் நாள் சாப்பாட்டில் கொடுத்த மெழுகுவர்த்தி அவர் சட்டைப்பையில் இருந்தது. எடுத்தார். ஏற்றினார். சிந்திய மெழுகில் அதை மேசைமேல் நிறுத்தினார்.

ஒக்தாவ் குனிந்தான். சுடருக்கு ஒரு சாண் தூரத்தில் வாயை வைத்துக் கத்தினான். நெஞ்சில் இருந்ததையெல்லாம் திரட்டிக் கத்தினான்.

சுடர் ஆடவில்லை.

தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து, அவசரமே இல்லாமல், டக், டக்.

“இப்பவாவது நம்பறியா?”

திரையில் மஞ்சள் மணல். மரக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

“நம்பறேன்டா,” என்றான் ஒக்தாவ். “மாமா சொன்னது நெசந்தான். மூணு சனியும் நீ வந்திருக்க.”