அம்மாவுக்கு மூணு கை

"நம்ம பள்ளிவாசல் ஊரு பவர் ஹவுசுல இருந்து ஊருக்கெல்லாம் கரண்ட் போகுது. உங்க வீட்டுக்கு மட்டும் போகலையா?" என்று சிஞ்சுவின் போட்டோவைப் பார்த்துக் கேட்டான் ஷிஜு. வகுப்பே சிரித்தது.

சிஞ்சுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக் கண்காட்சிக்காக, 'என் வீடு' என்ற தலைப்பில் அவள் எடுத்த போட்டோ அது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை பளிச்சென்று தெரிந்தது. ஜன்னலருகே நின்ற அம்மாவோ, முகமே இல்லாத நிழல்! எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஒரே ஜன்னல். பகலிலும் உள்ளே இருட்டுதான். அது சிஞ்சுவின் தப்பா?

"ஆளை விட்டுடும்மா. மலையை மட்டும் எடு, அழகா இருக்கும்" என்றார் சார்.

ஆளை விடுவதா! அந்த மலையில் கொழுந்து கிள்ளுவதே அம்மாதானே! மூணாறுக்கு வருகிற வண்டியெல்லாம் நின்று நின்று மலையைத்தான் படம் எடுக்கிறது. சிஞ்சுவும் அதையே எடுக்கணுமா?

"முடியாது சார். எங்கம்மா இல்லாம அது எங்க வீடே இல்ல."

"அப்போ திங்கட்கிழமைக்குள்ள முகம் தெரியணும்."

வீட்டில், கல்லூரியில் படிக்கும் அண்ணன் வினோ, லேப்டாப்பில் எச்.டி.ஆர். மென்பொருளைத் திறந்தான்.

"போனை அசைக்காம மூணு படம் எடு. ஒண்ணு இருட்டா, அதுல மலை தெளிவா விழும். ஒண்ணு நடுத்தரமா. ஒண்ணு ரொம்ப வெளிச்சமா, அதுல அம்மா முகம் தெரியும். மூணுலயும் நல்லா இருக்கிறதை இது எடுத்துச் சேர்த்துடும்."

அரிசி டின் மேல் போனைச் சாய்த்து வைத்து எடுத்தாள் சிஞ்சு. மூன்றையும் சேர்த்தாள். திரையில் இருந்த பட்டன்களை எல்லாம் கடைசிவரை இழுத்தாள். மலை கிளிப்பச்சை ஆனது. வானம் பேனா மை ஆனது. அம்மாவுக்கு மூணு கை முளைத்தது!

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லதாப் போச்சுட்டி! இன்னும் ரெண்டு கூடை கொழுந்து கிள்ளலாம்."

"நீ ஆடினதாலதான்! அசையாம நில்லும்மா!"

"சோறு பொங்குது பிள்ளே!"

அம்மா அடுப்புக்கு ஓடினாள். மறுபடி எடுத்தபோது, மழை வருதென்று கொடித்துணிக்கு ஓடினாள். பத்தே பத்து நொடி! அதுகூடவா இந்த அம்மாவுக்கு இல்லை? சிஞ்சுவுக்குக் கோபமான கோபம். அம்மா மேல் இல்லை, அந்த அடுப்பு மேல், அந்தக் கொடி மேல்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி வந்தாள். தண்ணீர் பிடித்தாள். துணி மடித்தாள்.

"நீ சோறு வடி" என்று அண்ணனை விரட்டினாள்.

"நானா?"

"லேப்டாப் பிடிக்கிற கைதானே? கரண்டியும் பிடிக்கும்!"

அம்மா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இப்ப நான் என்னட்டி செய்ய?"

"ஒண்ணும் செய்யாதே. உட்காரு."

அது எப்படி என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. ஜன்னலருகே உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பதென்று யோசித்து, மடியில் வைத்துக்கொண்டாள். க்ளிக். க்ளிக். க்ளிக்.

இந்த முறை சிஞ்சு பட்டன்களைத் துளித்துளியாகத்தான் நகர்த்தினாள். மலையும் தெரிந்தது, அம்மாவும் தெரிந்தாள். விரல் நுனியில் இருந்த தேயிலைக் கறைகூடத் தெரிந்தது.

திங்கட்கிழமை அந்தப் படத்தை நடுச்சுவரில் மாட்டினார் சார். ஷிஜு மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தான்.

"ஃப்ளாஷ் போட்டியா?"

"இல்ல. மூணு படம் எடுத்துச் சேர்த்தேன்."

"ப்பூ, அவ்வளவுதானா?"

"உங்கம்மாவைப் பத்து நொடி சும்மா உட்கார வச்சுப் பாரு. அப்புறம் வந்து பேசு" என்றாள் சிஞ்சு.