தரகர் போனில் ஏறிய வயது

கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தான் மரியதாஸ். அதற்குள் கல்யாணத் தரகர் தட்சணாமூர்த்தி குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார். மரியதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்த நாளிலிருந்து, ஷட்டர் முழுதாக மேலே போகும்வரை பொறுத்திருந்த மனுஷன் ஒருவரைக்கூட அவன் பார்த்ததில்லை.

"ஏம்பா, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" தரகர் தன் போனை மேஜைமேல் வைத்தார். "உன் கணக்கு ஒரே ராத்திரியில ஒரு பொண்ணுக்கு மூணு வயசு ஏத்தி வச்சிருக்குது."

"என் கணக்கு அப்படியெல்லாம் ஏத்தாதுங்க. வருசத்துக்கு ஒண்ணுதான் ஏறும்."

"அப்ப இது என்னா? உன் கண்ணால பாரு."

திரையில் 'சத்யப்ரியா 31' என்று இருந்தது. மரியதாஸ் போனைக் கையில் எடுத்தான். போன வாரம் அதே பெயருக்குப் பக்கத்தில் 28 இருந்ததை அவனே பார்த்திருக்கிறான்.

இந்த வயது சமாச்சாரம் அவன் செய்துகொடுத்ததுதான். அதற்கு முன் தரகர் வயதைக் கையால் அடித்து வைத்திருப்பார். ஒரு பெண்ணுக்கு இருபத்தாறு என்று பதிந்தால், அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் அவர் போனில் இருபத்தாறுதான். சகிக்க முடியாமல் மரியதாஸ் எல்லோருடைய பிறந்த தேதியையும் காண்டாக்டில் ஏற்றினான். அதை ஒரு ஷீட்டோடு இணைத்து, தினமும் காலையில் வயதைக் கணக்குப் போட்டுப் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்படி செய்தான். யார் கூப்பிட்டாலும் பெயரும் வயதும் சேர்ந்தே திரையில் தெரியும். இதற்கு அவனுக்கு நன்றி கிடைக்கவில்லை. தினம் ஒரு சந்தேகம்தான் கிடைத்தது.

"நேத்து பிரம்மதேசத்துல மாப்பிள்ள வீட்ல நாள் குறிக்க உக்காந்துனு இருக்கேன்," என்றார் தரகர். "போனை ஸ்டூல் மேல வச்சிருந்தேன். பொண்ணு கூப்புடுச்சு. பேரோட வயசும் பளிச்சுனு வந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா சரஸ்வதி அதைப் படிச்சிடுச்சு. பையன் சதீஷுக்கு இருபத்தொம்பது. பொண்ணுக்கு இருபத்தெட்டுனு நான் சொல்லியிருக்கேன். அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அப்பா!"

"இப்ப என்ன சொல்றாங்க?"

"சாயங்காலம் பொண்ணு வீட்டுக்கு நேர்ல வந்து வேணாம்னு சொல்லிட்டுப் போறாங்களாம். பொய் சொல்ற வீட்ல சம்மந்தம் வேணாமாம். அந்தப் பொண்ணு பாவம்பா. அப்பன் இல்லாத பொண்ணு. வயசை மறைச்ச வீடுன்னு பேராச்சுன்னா அப்புறம் எவன் வருவான் அந்த வாசலுக்கு?"

மரியதாஸ் ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டுத் தரகரோடு கிளம்பினான். இந்த மாதிரி விவகாரத்துக்கு அவனுக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அவனுடைய அத்தை அந்தோணியம்மாள், போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அத்தையிடம் ஒரே ஒரு கஷ்டம். எதற்கும் பதற மாட்டார். மரியதாஸ் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டி முடித்தபோது, அவர் நிதானமாகக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இது வேற யாரோ போன்ல பூந்து செஞ்ச வேலை அத்தை. குயிலாப்பாளையத்துத் தரகர் காசிலிங்கத்துக்கும் இவருக்கும் ஆகாது. அந்தாளுதான் ஆள் வச்சு..."

"டேய் தாஸு, இருடா." அத்தை தரகர் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணுகிட்டேருந்து ரெண்டு மூணு நாளுல உங்க போனுக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"புது நம்பர் வந்துச்சும்மா. பாண்டியில வேலைக்குச் சேந்துக்குது. ஆபீஸ்ல குடுத்த நம்பர்."

"டைப் பண்ணி அனுப்புச்சா?"

"இல்ல, போட்டோவெல்லாம் போட்டு ஒரு கார்டு மாதிரி. அமுக்குனேன், சேவ் ஆச்சு. அப்புறம் போன் என்னமோ கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"அதெல்லாம் யாரும்மா படிக்கிறது? ஓகேன்னு அமுக்கிட்டேன்."

மரியதாஸ் தலையில் அடித்துக்கொண்டான். ஒரே பெயரில் இரண்டு காண்டாக்ட் இருந்தால் ஒன்றாகச் சேர்க்கட்டுமா என்று போன் கேட்கும். இந்த மனுஷன் ஓகே அமுக்கியிருக்கிறார். கார்டில் இருந்த பிறந்த தேதி வந்து, முன்பு ஏற்றியிருந்த தேதியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டது. கணக்கு தன் கடமையைச் செய்து முப்பத்தொன்று என்று காட்டியிருக்கிறது. இதற்காகக் கடை திறக்கும் முன்பே வந்து இவன் தலையை உருட்டியிருக்கிறார்!

"அப்ப விஷயம் முடிஞ்சுபோச்சு," என்றான். "பொண்ணு கார்டுல இருக்கறதுதான் நெசம். அவங்கம்மாதான் வயசைக் கொறச்சுச் சொல்லியிருக்காங்க."

"வயசை மறைக்கிற பொண்ணு, தரகருக்குத் தானே கார்டு அனுப்புமாடா?" என்றார் அத்தை. "வண்டிய எடு. அந்த வீட்டுக்குப் போவோம்."

உப்பளத்தை ஒட்டிய கடைசித் தெருவில் இருந்தது சத்யப்ரியாவின் அம்மா பாஞ்சாலையின் வீடு. கல்யாண வீட்டுக்குரிய சந்தோஷம் அங்கே இல்லை. சத்யப்ரியா அழுது வீங்கிய முகத்தோடு கதவைத் திறந்தாள். அத்தை கேட்டதற்கு அவள் ஒளிக்காமல் பதில் சொன்னாள்.

"கார்டுல இருக்கறது ஆபீஸ்ல ஏத்துன தேதிங்க. சர்ட்டிபிகேட்ல அப்படித்தான் இருக்குது, ஜனவரி பத்தொம்பது. அது வாத்தியார் போட்ட தேதிங்க. எங்க தெருவுல பாதிப் பேருக்கு அப்படித்தான். இதைச் சொன்னா அவங்க வீட்ல நம்பல. சதீஷ்கூட நேத்துலேருந்து போனை எடுக்கல."

மரியதாஸுக்கு இது நியாயமாகவே பட்டது. அவனுடைய வகுப்பில் எல்லோருமே ஜூன் முதல் வாரத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நாளுக்குத் தக்கபடி தலைமையாசிரியர் அத்தனை பேரையும் பெற்றெடுத்திருந்தார். இதைச் சொல்லி வேலையை முடிக்காமல் அத்தை ஏன் ஜன்னலையும் சுவரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

அத்தை பார்த்துக்கொண்டிருந்தது மூலையில் இருந்த ஒரு முறத்தை. கனகாம்பரம், மஞ்சள், கண்ணாடி வளையல், மடிப்புக் கலையாத சிவப்புப் பட்டுப்பாவாடை எல்லாம் அதில் இருந்தன.

"பூவாடைக்காரிக்குப் படைக்கிறதுங்க," என்றாள் சத்யப்ரியா. கன்னியாக இறந்துபோன பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் புதுத்துணி வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். "எங்கப்பாவோட அக்கா. வயசுக்கு வந்த கொஞ்ச நாள்ல செத்துட்டாங்கன்னு அம்மா சொல்லும்."

அத்தை ஒரு வளையலை எடுத்துத் தன் விரல்களைச் சேர்த்து நுழைத்துப் பார்த்தார். விரலைத் தாண்டவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

பாஞ்சாலை உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். உப்பளத்தில் பாத்தி மிதித்த கால்கள், விரல்களெல்லாம் வெடித்துக் கிடந்தன.

"பொண்ணு எங்க பொறந்துச்சு பாஞ்சாலை?" என்று கேட்டார் அத்தை.

"எங்கம்மா ஊட்லங்க. ஐப்பசி மழை. ஊடு முழுக்க ஒழுகுது. ஆஸ்பத்திரிக்குப் போவ வண்டி கெடைக்கல. மருத்துவச்சிதான் பாத்துச்சு."

"ஸ்கூல்ல சேக்க என்ன குடுத்தீங்க?"

"பொறப்பு சர்ட்டிபிகேட்டுங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில குடுத்தது."

சொல்லிவிட்டுப் பாஞ்சாலை சட்டென்று நிறுத்திக்கொண்டார். அத்தை செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவர் தோளில் கை போட்டுக் கொல்லைப்புறம் அழைத்துக்கொண்டு போனார். மரியதாஸ் பின்னாலேயே எழுந்தான். "நீ இங்கயே இரு," என்று சொல்லிவிட்டார். வண்டி ஓட்ட வேண்டும், பெட்ரோல் போட வேண்டும், நல்ல இடம் வரும்போது வெளியே உட்கார வேண்டும். எப்போதும் இதுதான் அவன் நிலைமை.

சாயங்காலம் சரஸ்வதி மகனோடு வந்து இறங்கினார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நான் சண்டைக்கு வரல," என்றார். "ரெண்டு வயசு பெரிய பொண்ண என் தலையில கட்டப் பாத்தீங்களே, அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். வாத்தியார் கதையெல்லாம் எங்க ஊர்லயும் இருக்குது."

"வாத்தியார் கதை பொய்தாங்க," என்றார் அத்தை. மரியதாஸ் திடுக்கிட்டான். ஒப்பேற்றிவிடக் கூடிய ஒரே கதையையும் அத்தையே உடைக்கிறாரே!

"வாத்தியார் தேதி போட்டா மே, ஜூன்னு போடுவார். அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், அவ்ளோதான் அவருக்கு வேணும். ஜனவரி பத்தொம்பதுன்னு யாரும் யோசிச்சுப் போட மாட்டாங்க. அது நெசமாவே ஒரு கொழந்த பொறந்த தேதி. ஆஸ்பத்திரியில பொறந்து, சர்ட்டிபிகேட் வாங்கின கொழந்த. ஆனா இந்தப் பொண்ணு பொறந்தது ஐப்பசி மழையில, வீட்ல. வீட்ல பொறந்ததுக்கு ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் எப்படி வரும்?"

"அப்ப யாரோடது அது?" என்றார் சரஸ்வதி.

"அந்த முறத்தைப் பாருங்க. வயசுக்கு வந்து செத்த பொண்ணுக்குப் படைக்கிறதுன்னா பொடவை வைப்பாங்க. இது பாவாடை. வளையல் என் விரலைக்கூடத் தாண்டல. ரெண்டு வயசுக் கொழந்தைக்குப் போடற வளையல் அது. அந்தக் கொழந்த இந்தப் பொண்ணோட அத்தை இல்லீங்க." அத்தை நிறுத்தினார். "பாஞ்சாலை, மீதிய நீங்க சொல்றீங்களா?"

பாஞ்சாலை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளைப் பார்க்கவே இல்லை.

"மொதப் பொண்ணுங்க. அவளுக்கும் சத்யப்ரியான்னுதான் பேரு. உப்பு வார்ற நேரம். வரப்பு மேல ஓலை நெழல்ல உக்கார வச்சுட்டு நான் பாத்தியில எறங்கிட்டேன். பக்கத்துலயே உப்புத் தண்ணி எடுக்கற குட்டை. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்." புடவைத் தலைப்பால் வாயை அழுத்திப் பிடித்து மறுபடி பேசினார். "அப்ப இவ வயித்துல இருந்தா. பொறந்ததும் அவ பேரையே வச்சேன். வேலைக்குப் போனாத்தான் சோறு. இவளயும் அந்தக் குட்டைக்கிட்ட இட்டுனு போவ எனக்குத் தெம்பு இல்லங்க. நாலரை வயசுல ஸ்கூல்ல சேக்க மாட்டேன்னாங்க. அதான் அவளோட சர்ட்டிபிகேட்ட குடுத்தேன். பேரு ஒண்ணுதானே. புள்ள வளர்த்தி கம்மியா இருக்குதேன்னு டீச்சர் கேட்டாங்க. ஆமாம்மான்னு சொல்லிட்டேன்."

தரகரின் போன் அந்த நேரம் பார்த்து அடித்தது. மரியதாஸ் அதைப் பிடுங்கி அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இவளுக்கு இருபத்தெட்டுதாங்க," என்றார் பாஞ்சாலை. "வயசுல நான் பொய் சொல்லல. மத்ததைத்தான் சொல்லல."

சரஸ்வதி மெல்லக் கீழே உட்கார்ந்தார். வந்ததிலிருந்து விறைப்பாக இருந்த அவர் குரல் தணிந்திருந்தது.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே பாஞ்சாலை."

"பொண்ணுக்கே சொல்லலீங்களே."

"பேப்பர்ல முப்பத்தொண்ணு இருக்குதே, நாளைக்கு நாலு பேர் கேட்டா?" என்று இழுத்தார் தரகர்.

"கேட்டா என் பொண்டாட்டி என்னவிடப் பெரியவன்னு சொல்லிக்கிறேன்," என்றான் சதீஷ். சத்யப்ரியாவைப் பார்த்து, "போனை எடுக்காதது என் தப்பு," என்றான்.

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்று மகனை அடக்கிவிட்டுச் சரஸ்வதி தரகரைப் பார்த்தார். "நான் கேட்டது பொண்ணோட வயசு. அதுக்கு பதில் வந்துடுச்சு. தை முடியறதுக்குள்ள நல்ல நாளாப் பாருங்க. அந்தப் போனைப் பாக்காதீங்க, காலண்டரைப் பாருங்க."

மரியதாஸுக்கு நிம்மதியில் சிரிப்பு வந்துவிட்டது. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத் தரகரைப் பார்த்தான். அவர் காலண்டரைத் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் சத்யப்ரியா யாரையும் பார்க்கவில்லை. கல்யாணம் நிலைத்துவிட்டது அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அம்மாவுக்கு எதிரே போய் நின்றாள்.

"இத்தன வருசமா என்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டியேம்மா. யாரைக் கூப்புட்ட?"

பாஞ்சாலை முதல் தடவையாக மகள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப நாளு அவளத்தான் கூப்புட்டேன்," என்றார். "அவ எப்பக் கூப்புட்டாலும் திரும்பிக்கூடப் பாக்காம சிரிச்சுனே ஓடுவா. உன்னையும் அப்படியே கூப்புட்டுனு இருந்தேன். ஒரு நாளு நீ 'என்னம்மா'ன்னு கேட்டுனு பக்கத்துல வந்து நின்ன. அன்னியிலேருந்து உன்னத்தான்."