சிவப்பு வரும்வரை

காலை ஏழு மணிக்கே தூத்துக்குடிக் கடற்கரை அடுக்ககத்தின் வாசலில் வரிசை நீண்டுவிட்டது. ஆளுக்கு ஒரு விநாடி, கையைத் தூக்கியபடி தோல்வாசி இயந்திரத்தின் வளைவுக்குள் நிற்க வேண்டும். துணியை ஊடுருவி அது உடம்பு முழுவதையும் படித்துவிடும். பச்சை எரிந்தால் வேலைக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் இருபத்தொரு நாள் தனியகத்தில் அடைத்துவிடுவார்கள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், சாதாரண மருந்துக்கு மசியாத தோல் பூஞ்சை ஒன்று ஊர் ஊராகப் பரவியபோது போட்ட சட்டம் அது. போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்தான், சனங்கள் அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்! இயந்திரம் தேடுவது சிவப்பை, அதைக் காட்டாமல் இருந்தால் தீர்ந்தது என்று கண்டுகொண்டார்கள். அரிப்போ தடிப்போ, எது வந்தாலும் ஸ்டீராய்டு களிம்பு. அதற்குச் சனங்கள் வைத்த பெயர் ‘அமுக்கி’. மேலே தோல் மழமழவென்று இருக்கும், நோய் அடியில் கிடந்து கொழுக்கும். வீட்டுக்கு வீடு அமுக்கி இருந்தது; வெளியே ஒருவரும் வாய் திறப்பதில்லை.

வான்மதி வீட்டிலும் இருந்தது. மீன் பதனிடும் ஆலையில் நாள் முழுக்க ஈரத்துணியோடு நின்று, இடுப்பில் படர்தாமரை வந்து இரண்டு மாதம். அமுக்கியைத் தடவி மறைத்துவிட்டாள். ஆனால் ஏழு மாதக் குழந்தை இனியாள் உட்காரும் இடமும் அதே இடுப்புதான். பிள்ளையின் தொடையில் வட்டம் கிளம்பியது. அங்கேயும் தடவினாள், பாவி. இரண்டு நாள் மறைந்த வட்டம் மூன்றாய், நாலாய் வயிறு வரை ஏறியது.

பயந்துபோய்த் திரையில் டாக்டர் கபூரைக் கூப்பிட்டாள். அவர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

“ரெண்டு பேரும் இன்னையோட களிம்பை நிறுத்துங்க. நிறுத்தினா நாலஞ்சு நாள்ல உள்ள இருக்கது வெளிய வரும். வந்தாத்தான் வைத்தியம். துண்டைத் தனியா வைங்க, துணியை வெந்நீர்ல அலசி வெயில்ல போடுங்க. இதைக் கொல்லுத மருந்து தனியகத்துலதான் குடுப்பாங்க. ஒளிஞ்சு திரியாதீங்க.”

வான்மதி பாதியைத்தான் கேட்டாள். பிள்ளைக்கு நிறுத்தி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள், தனக்கு நிறுத்தவில்லை. கணவன் கடலுக்குள் காற்றாலை வேலையில் இருந்தான், வர இன்னும் மூன்று மாதம். தானும் நோயாளி ஆகிவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? தாய் சுகமாக இருந்தால் துணைக்கு விடாமலா போவார்கள் என்று கணக்குப் போட்டாள்.

ஐந்தாம் நாள் காலை பிள்ளையோடு வளைவில் நின்றாள். அவளுக்குப் பச்சை. இனியாளுக்குச் சிவப்பு.

“நானும் கூட வாரேன்க்கா,” என்றாள் வாயிற்காவலர் ஜெபமணியிடம்.

“நீ எப்படிட்டி வருவ? உனக்குப் பச்சைல்லா எரியுது. பச்சை உள்ள போவக் கூடாது.”

“பால்குடிப் பிள்ளைக்கா!”

“தாய்க்கும் பிள்ளைக்கும் சிவப்புன்னா ஒரே ரூம்பு. உனக்கு ஒண்ணும் இல்லையே.”

வான்மதி ஜெபமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இருக்குக்கா! எங்கிட்டருந்துதான் அவளுக்கு ஒட்டுச்சு. நான் அமுக்கி போடுதேன்!”

வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெபமணி சட்டென்று நெருங்கி வந்தாள்.

“மெதுவாப் பேசு. எல்லாரையும் மாட்டி விட்டுராத.”

வான்மதி இடுப்பைத் திறந்து காட்டினாள். களிம்பு தடவித் தடவித் தோல் மெலிந்து, நீல நரம்பு தெரிந்தது. சிவப்பு மட்டும் இல்லை. நகத்தால் பறண்டிக்கொண்டு மறுபடி வளைவுக்குள் பாய்ந்தாள். நகக்கீறலை அந்த இயந்திரத்துக்குத் தெரியாதா என்ன? பச்சையே எரிந்தது.

கையுறை போட்ட தாதி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இனியாள் தாயின் முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். வளைவை ஒட்டிய தனியகத்தின் கதவு மூடிய பிறகும் அழுகை கேட்டது. வான்மதியின் ரவிக்கை பாலில் நனைந்தது. மறைத்த கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

அன்றே அமுக்கியைக் குப்பையில் எறிந்தாள். விடிந்ததும் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். பச்சை. மறுநாளும் பச்சை. செய்யாதே என்று டாக்டர்கள் சொல்வதையெல்லாம் செய்தாள். ஈரத்துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உச்சி வெயிலில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்தாள். சாமியிடம் யாரும் கேட்காத வரத்தைக் கேட்டாள்.

மூன்றாம் நாளும் பச்சை. “போய்ச் சாப்பிடு தாயி,” என்றாள் ஜெபமணி.

நான்காம் நாள் விடியற்காலை அரிப்பு தூக்கத்தைக் கலைத்தது. கண்ணாடி முன் ஓடினாள். இடுப்பைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று வளையம் வளையமாகக் கிளம்பியிருந்தது. “வந்துட்டு! வந்துட்டு!” என்று தனியாகக் கத்தினாள்.

வளைவில் சிவப்பு எரிந்தது. வரிசையில் இருந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார்கள். வான்மதி சிரித்தாள், அழுதாள், பைத்தியக்காரி மாதிரி கைதட்டினாள்.

“கதவத் திறங்கக்கா, சீக்கிரம்! பிள்ள பசியோட கிடக்கும்.”