வாரநாள் உங்களுக்கு, சனி ஞாயிறு எனக்கு

“விடுங்க!”

“நீங்க விடுங்க... நான்தான் முதல்ல எடுத்தேன்!”

கம்ப்யூட்டர் சாமான் கடையின் மூலை அலமாரியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு முப்பது மீட்டர் இன்டர்நெட் கேபிள். நீலச் சுருள். அதன் ஒரு பக்கத்தை அவள் பிடித்திருந்தாள். மறுபக்கத்தை, நனைந்த சட்டையும் கலைந்த தலையுமாக, முன்பின் தெரியாத ஒருவன் பிடித்திருந்தான்.

வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து ஒரு முறை முறைக்கலாம் என்றுதான் பார்த்தாள். ஆனால்... அந்தக் கண்கள்! தேன் கலந்தது போன்ற பழுப்பு. இமை நுனியில் இன்னும் விழாமல் ஒரு மழைத்துளி. கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து மாலைவரை ஊரார் கண்களைச் சோதிப்பதுதான் அவள் வேலை. யார் கண்ணைப் பார்த்தாலும் பவர் எவ்வளவு இருக்கும் என்றுதான் மனசு கணக்குப் போடும். இன்று அது கணக்கை மறந்துவிட்டு நின்றது.

சீச்சீ... கேபிள்தான் முக்கியம்!

“நாலு கடை ஏறி இறங்கிட்டு வர்றேன் சார்.”

“நான் ஆறு கடை.”

“பொய்!”

“சரி... நாலுதான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

கல்லாவிலிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார். “தம்பி, ஏம்மா... அலமாரியைச் சாய்ச்சிடாதீங்க. புதுசு வர ரெண்டு வாரம் ஆகும். இவ்வளவு நீளம் எதுக்கு உங்களுக்கு?”

“கேம் விளையாட,” என்றாள் அவள், கொஞ்சமும் கூசாமல். “மோடம் கீழே, என் ரூம் மாடியில.”

“எங்க அப்பாவுக்கும் கேம் விளையாடத்தான்,” என்றான் அவன்.

“அப்பாவுக்கா?”

“லாரி ஓட்டினவர். கால் எலும்பு முறிஞ்சு கட்டில்ல கிடக்கார். பொழுது போகட்டும்னு லாரி ஓட்டுற கேம் ஒண்ணு போட்டுக் கொடுத்தேன். வீட்ல இருக்கறது பழைய லேப்டாப்... அதனால கிளவுட் கேமிங். ஆனா படம் விக்கி விக்கி வருது. பிளானை மாத்தி வேகத்தை மூணு மடங்கு ஆக்கிட்டேன். அப்பவும் அவர் பிரேக் போட்டா வண்டி வேலியை உடைச்சிட்டுப் போய்தான் நிக்குது. மனுஷன் நொந்துட்டார். கேபிள் போட்டா சரியாகும்னு யாரோ சொன்னாங்க. ஏன்னுதான் புரியல.”

அவள் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

“வேகம் பிரச்சனையே இல்ல. அந்த கேம் உங்க லேப்டாப்ல ஓடல சார். எங்கேயோ தூரத்துல ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல ஓடுது. அங்கிருந்து சினிமா மாதிரி படம் மட்டும்தான் உங்க வீட்டுக்கு வருது. அப்பா பிரேக்கை அழுத்தினா அந்தச் சேதி அங்க போகணும்... அங்க வண்டி நிக்கணும்... நின்ன படம் திரும்பி வரணும். போய்ட்டு வர்ற அந்த நேரம் குறைச்சலா இருக்கணும். வினாடிக்கு இருபது, முப்பது மெகாபிட் இருந்தாலே தாராளம். ஆனா ஒரே சீரா வரணும். வைஃபை இருக்கே... சுவர்ல முட்டி, பக்கத்து வீட்டு வைஃபையோட மல்லுக்கட்டி வர்றதுக்குள்ள திணறிடும். கேபிள்ல அந்தத் தொல்லை இல்ல.”

அவன் கேபிளை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ‘என்னமா பேசுறா... இவ பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல!’

“எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கார் பந்தயம். வாரநாள்ல வேலை. அதனால...” அவள் இழுத்தாள்.

“அதனால?”

“வாரநாள் உங்களுக்கு. சனி ஞாயிறு எனக்கு. புதுசு வர்ற வரைக்கும்.”

அவன் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்த்துக் கடைக்காரரே சிரித்துவிட்டார்.

அப்படி ஆரம்பித்தது. வெள்ளி மாலை அவன் சுருளோடு கண்ணாடிக் கடை வாசலில் வந்து நிற்பான். கையெல்லாம் கீறல்.

“என்ன சார் இது, யார்கூட சண்டை?”

“நாய், பூனைக்கெல்லாம் நான்தான் டாக்டர். இன்னைக்கு வந்த பூனைக்கு என்னைப் பிடிக்கல.”

“பூனைக்கு நல்ல அறிவு!”

திங்கள் காலை அவள் அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பாள். முதல் திங்களன்று அவளே கட்டில்வரை கேபிளை இழுத்துச் செருகினாள். அவன் அப்பா கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினார். திரையில் அந்தப் பெரிய லாரி கோட்டின்மேல் கச்சிதமாக நின்றது.

“நின்னுடுச்சும்மா!” என்று அவர் குழந்தைபோலக் கத்தினார். “பாருடா... என் வண்டி நின்னுடுச்சு!”

அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். அவள் அவசரமாகக் குனிந்து, ஏற்கெனவே சரியாக இருந்த கேபிளை இன்னொரு தடவை சரிசெய்தாள்.

அவள் வீட்டில் அண்ணிக்கு மூக்கில் வியர்த்தது. “வெள்ளிக்கிழமைன்னா மட்டும் தலை வாரிக்க அரைமணி நேரம் ஆகுதே... கேபிளுக்கு முன்னாடி அழகா நிக்கணுமோ?”

“போங்க அண்ணி!”

ரெண்டு வாரம், மூன்று வாரமாகி, நான்காவதும் வந்தது. புதுச் சரக்கு பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

அந்த வெள்ளியன்று அவன் வெறுங்கையோடு வந்தான்.

“அப்பாவோட பழைய லாரி கூட்டாளிங்க நாளைக்கு வீட்டுக்கு வர்றாங்க. அவங்க முன்னாடி ஓட்டிக் காட்டணும்னு ஆசைப்படுறார். இந்த ஒரு சனிக்கிழமை மட்டும்...”

அந்தச் சனிதான் அவளுக்கு இறுதிப் பந்தயம். சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் கேபிளை உடனே கொடுத்துவிடுவான்... அந்தப் பெரியவர் முகம் வாடிவிடும். சிரித்துக்கொண்டே, “வச்சுக்கோங்க,” என்றாள்.

வைஃபையில் ஓட்டினாள். கடைசிச் சுற்று... அவள் கார்தான் முதலில்! எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது படம் அப்படியே உறைந்தது. மீண்டும் அசைந்தபோது கார் தடுப்புச் சுவரில் மோதிக் கிடந்தது. பின்னால் வந்த எல்லாரும் அவளைக் கடந்து போய்விட்டார்கள்.

வலித்தது. ஆனால் அவன் அப்பா சந்தோஷமாக இருந்திருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் புது மவுஸ் வாங்கப் போனவளிடம் கடைக்காரர் சாதாரணமாகக் கேட்டார். “உனக்கும் ஒரு கேபிள் எடுத்து வைக்கட்டுமாம்மா? சரக்கு வந்து நாளாச்சே. அந்தத் தம்பி வந்த அன்னைக்கே வாங்கிட்டுப் போய்ட்டாரே!”

வாங்கிவிட்டானா? வீட்டில் புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டா என்னிடம் கேட்டான்?

நேராக அவன் கிளினிக்குக்குப் போனாள். அவன் ஒரு நாய்க்குட்டியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“புதுக் கேபிள் வாங்கிட்டீங்களா?”

அவன் முகம் வெளுத்தது. “அது... வந்து...”

“நேத்து எனக்கு இறுதிப் பந்தயம். வைஃபையில ஓட்டித் தோத்தேன். உங்க அப்பாவுக்காகன்னு நினைச்சேன். நல்லா விளையாடினீங்க சார்... என்கூட!”

“பந்தயமா? சத்தியமா எனக்குத் தெரியாதுங்க...”

அவள் நிற்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. பழைய கேபிளும் வேண்டாம், அந்தப் பழுப்புக் கண்ணும் வேண்டாம்! அன்றிலிருந்து அவன் போன் செய்தும் அவள் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது... வாசலை மட்டும் ஏனோ பத்துத் தடவை பார்த்தாள்.

அடுத்த வாரம், தூறல் விழுந்த ஒரு பகலில், ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அவன் அப்பா!

“கட்டுப் பிரிச்சாச்சும்மா. நாள் பூரா திரையைப் பார்த்ததுல கண்ணு எரியுது. கொஞ்சம் பாரேன்.”

அவள் பதறிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டாள்.

“இது வேலை செய்யக் கொஞ்ச நேரமாகும். அதுவரைக்கும் பார்வை மங்கலா இருக்கும். வெளியில பெஞ்சுல உட்காருங்கப்பா.”

“சரிம்மா. வாசல்ல ஒருத்தன் மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறான். நாய், பூனைகிட்ட நல்லாப் பேசுவான்... மனுஷங்ககிட்ட வாய் வராது. அவன் கண்ணையும் பார்த்துடேன்.”

அவள் எட்டிப் பார்த்தாள். தூறலில் நின்றுகொண்டு, கடைப் பலகையையே படித்துக்கொண்டிருந்தான்.

“உள்ள வாங்க,” என்றாள் கறாராக. “உட்காருங்க. தாடையை இதுல வைங்க. நெத்தியை ஒட்டி வைங்க. அசையக் கூடாது.”

விளக்கை அணைத்துவிட்டு, மெஷினுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கருவிக்குள் அந்தப் பழுப்புக் கண் ஒரு பெரிய பூப்போல விரிந்து தெரிந்தது. மெஷினின் குமிழைத் தேவையில்லாமல் ஒரு தடவை திருப்பினாள்.

“ஒங்ங்ள...”

“என்ன?”

“ஒங்ங்ளப் புதிச்சிர்க்கு...”

“பேசாதீங்க. தாடை ஆடுது.”

அவன் தாடையை எடுத்துவிட்டான். அரை இருட்டில் நேருக்கு நேர் பார்த்தான்.

“உங்களைப் பிடிச்சிருக்கு. வாங்கின அன்னைக்கே சொல்லியிருக்கணும். கேபிள் இருக்குன்னு தெரிஞ்சா நீங்க திங்கக்கிழமை வர மாட்டீங்களேன்னு... ஒளிச்சு வச்சேன். அந்தச் சனிக்கிழமை அதையே போட்டிருக்கலாம். போட்டா அப்பா உங்ககிட்ட உளறிடுவாருன்னு பயந்தேன். நீங்க தோத்தது என்னாலதான். திட்டுங்க... ஆனா போனை மட்டும் எடுங்க.”

அவள் தலை குனிந்தாள். துப்பட்டா நுனி அவள் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ந்தது.

“திட்ட எனக்கு யோக்கியதை இல்ல...”

“ஏன்?”

“ரெண்டாவது வாரமே எங்க அண்ணன் மோடத்தை மாடிக்கு மாத்தித் தர்றேன்னு சொன்னாரு. மாத்தியிருந்தா எனக்குக் கேபிளே தேவைப்பட்டிருக்காது.” குரல் காற்றாகிவிட்டது. “நான்தான்... கீழேயே இருக்கட்டும்னுட்டேன்.”

ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தவன், மெஷினில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

“ஐயோ... பார்த்து!” அவள் கை தானாக அவன் நெற்றிக்குப் போனது. போன கையை அவன் திருப்பித் தரவில்லை.

“அப்போ... என்னை...?”

“ம்...”

“என்ன ‘ம்’? வாயால சொல்லுங்க.”

“பிடிச்சிருக்கு... பிடிச்சிருக்கு... போதுமா!”

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்டது.

“ஏம்மா, மருந்து விட்டதுல கண்ணுக்கு ஒண்ணுமே சரியாத் தெரியல... ஆனா காது மட்டும் நல்லாக் கேக்குது. உங்க அண்ணன் எப்போ வீட்ல இருப்பாருன்னு கேட்டுச் சொல்லு, வந்து பேசறேன்!”