நான்காம் மாடிக் குழாய்

காலை நீட்டி உட்கார்ந்து ஒரு காபியை முழுதாகக் குடிக்க வேண்டும் என்பதுதான் இன்ஸ்பெக்டர் சோலோவின் ஆசை. விதின் நகரக் காவல் நிலையத்தில் அது நடக்கிற காரியமா? கறுப்பு உடையில் வெனெத்தா என்ற பெண் உள்ளே வந்தாள்.

"என் தங்கச்சி டோராவ அவ புருஷன்தான் கொன்னான் சார். நாலாம் மாடியில அவங்க வீட்டுக் குளியல் தொட்டியில உக்காந்து குழாயத் தொட்டா, ஷாக்! துணி துவைக்கிற மெஷின்லேருந்து ஒயரை இழுத்துக் குழாயில கட்டினதே அந்த பிளாமென்தான். அவனே ஒத்துக்கிட்டான்!"

பிளாமென் ஏற்கெனவே லாக்கப்பில் இருந்தான். குற்றம் உறுதியானால் ஆயுள் முழுக்கச் சிறைதான்.

"அப்ப கேஸ் முடிஞ்சுது சார்," என்றாள் உதவியாளர் ராலித்சா, உற்சாகமாக.

"முடிஞ்சா எனக்கும் நிம்மதிதாம்மா. வா, பார்த்துட்டு வந்துடுவோம்."

ஐந்து மாடிக் கட்டடம். லிஃப்ட் ஓடவில்லை. சோலோவ் மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினார். எல்லா வீட்டுக் குளியலறையிலும் மெஷினிலிருந்து ஓர் ஒயர் தண்ணீர்க் குழாய்க்குப் போனது.

"இந்தக் கட்டடத்துல எர்த் கம்பி ஏதுய்யா?" என்றார் மேல் மாடிக்காரர் கோஸ்தா. "நாங்க எல்லாரும் காலங்காலமா இப்படித்தான். இரும்புக் குழாய் மண்ணுக்குள்ள போகுதில்ல? கசியற கரண்டும் அதோட போயிடும். ஆனா டோரா சாகறதுக்கு முந்தின வாரம் பூரா குழாயத் தொட்டா சுருக்குன்னுச்சு. என் மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

கீழ்த்தள வீடு வெனெத்தாவுடையது. குளியலறையில் புது டைல்ஸ் பளபளத்தது.

"உங்களுக்கு ஷாக் அடிச்சுதாம்மா?"

"ஒரு நாளும் இல்லையே!"

சோலோவ் தொட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். பிறகு தொட்டி விளிம்பிலேயே சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மேல இருக்கறவங்களுக்குச் சுருக்குன்னுது, கீழ ஒண்ணுமில்ல. ஏன் ராலித்சா?"

"கரண்ட் கீழ இறங்கல. நடுவுல எங்கயோ அறுந்திருக்கு சார்!"

"இங்கதான். மேலயும் இரும்பு, கீழயும் இரும்பு, நடுவுல இந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். பிளாமென் மெஷின் ரொம்ப நாளா கசிஞ்சிருக்கும். மண்ணுக்குப் போக வழியில்லாம, கரண்ட் குழாயிலேயே நின்னுடுச்சு. தொட்டித் தண்ணியில உக்காந்திருந்த டோரா தொட்டதும் அவ உடம்பு வழியா இறங்கிடுச்சு."

வெனெத்தா குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தாள். "துருப்பிடிச்சிருக்குன்னு அவ சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் மாத்தினேன் சார்... டைல்ஸுக்குக் கலர் பாத்துக் கொடுத்ததே டோராதான்."

எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொன்ன சோலோவுக்கு, இவளிடம் சொல்ல நேர்ந்தது மட்டும் தாங்கவில்லை.

"வேணும்னு யாரும் கொல்லலம்மா. பிளாமென இன்னிக்கே விட்டுடறோம். நீங்க வீட்டுல இருங்க."

வெனெத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு மேல்கோட்டை எடுத்து மாட்டினாள்.

"இல்ல சார், நானும் ஸ்டேஷனுக்கு வரேன். அவனைக் கொலைகாரன்னு ஊரெல்லாம் சொன்னவ நான். குழாய மாத்தினது யாருன்னு அவன் என் வாயாலதான் கேக்கணும்."