கறுப்பு வெள்ளை ஒயர்

டப்பென்று சைலன்சர் வெடித்தது. எஞ்சின் நின்றது. அதோடு ஹெட்லைட்டும் அணைந்தது.

சுதர்ஷினி பிரேக்கை அழுத்திப் பிடித்தாள். மோட்டார் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போய் ரோட்டோரத்தில் நின்றது. முன்சக்கரத்துக்கு அப்பால் பள்ளம். அதற்கும் கீழே, மூடுபனிக்குள் எங்கோ மஸ்கெலியா நீர்த்தேக்கம்.

இதே வளைவில்தான் போன வருஷம் அவள் கணவன் லோஜன் விழுந்து செத்தான். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் தொற்றிய பழக்கம் அவனுக்கு. இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டே போவான். எஞ்சின் நின்றால் இந்தப் பழைய வண்டியில் லைட்டும் எரியாது. இருட்டில் வளைவு தெரியாமல் போய்விட்டான் என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளெல்லாம் பேசின. அவளும் அப்படித்தான் நம்பினாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவன் விழுந்த இந்த வண்டியைத் தலைமுழுகச் சொன்னார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரவு வேலை. அந்த நேரத்தில் தோட்டத்திலிருந்து பஸ் கிடையாது. வண்டி போனால் வேலையும் போகும்.

செல்போன் வெளிச்சத்தில் பிளக்கைக் கழற்றினாள். எஞ்சினோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கிக்கரை உதைத்தாள். பொறி எதுவும் வரவில்லை. பிளக்கும் புதிது, அதற்கு மின்சாரம் தரும் கொயிலும் புதிது. பிறகு எதுதான் நெருப்பை நிறுத்துகிறது?

வெளிச்சத்தை ஹேண்டில் பக்கம் திருப்பினாள். எஞ்சினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் ‘ஓஃப்’ பக்கம் சாய்ந்திருந்தது.

அவள் அதைத் தொட்டதே இல்லை.

‘ஓன்’ பக்கம் தள்ளிவிட்டு உதைத்தாள். பிளக்கில் நீலமாகப் பொறி பறந்தது.

டக்.

அவள் கண்ணெதிரே சுவிட்ச் திரும்பவும் சாய்ந்தது.

நீர்த்தேக்கத்துச் சேற்றின் வாடை மூக்கில் ஏறியது. பயத்துக்கு முன்னால் ஆத்திரம் வந்தது.

"இங்க பாருங்க," என்றாள் இருட்டைப் பார்த்து. "தனியா இருக்க முடியலன்னா அதுக்கு நான் வரணுமா? வரமாட்டேன்."

பிளக்கை மாட்டினாள். சுவிட்சிலிருந்து வரும் கறுப்பு வெள்ளை ஒயரைப் பிடுங்கிவிட்டால் அது என்ன துள்ளினாலும் எஞ்சின் கேட்காது. டாங்கிக்கு அடியில் கையை விட்டாள்.

ஈரமான விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்து, ஒயரைப் பல்லால் கடித்து வெடுக்கென்று இழுத்தாள். இணைப்பு விட்டது. ஒரே உதையில் வண்டி உறுமியது.

இறக்கம் முழுக்க அவள் கட்டைவிரலுக்கடியில் சுவிட்ச் அடித்துக்கொண்டது.

டக். டக். டக்.

"அமுத்துங்க," என்றாள். "நல்லா அமுத்துங்க."

டவுன் முனையில் கஜேந்திரனின் கராஜ் திறந்திருந்தது. ஒயர் விட்டதால் சாவியைத் திருப்பியும் எஞ்சின் நிற்கவில்லை; கியரைப் போட்டுக் கிளச்சை விட்டு, எஞ்சினைத் திணறடித்து நிறுத்தினாள். வெளியே வந்த கஜேந்திரன் தொங்கிய ஒயரைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"யாரு கழட்டுனா?"

"நான்தான்ணே. இருக்குற வரைக்கும் எஞ்சின நிப்பாட்டியே பழகுன மனுஷன். செத்தும் விடுறாரா பாருங்க."

சாவி அவள் கையில் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாத வண்டியில் சுவிட்ச் அசைந்தது.

டக்.

கஜேந்திரன் குரலைத் தாழ்த்தினான்.

"லோஜன் எஞ்சின நிப்பாட்டல தங்கச்சி. நான்தான் அவன் பேச்ச நம்பல. விழுந்த அன்னைக்குக் காலையில அவனும் இங்கதான் வந்து நின்னான், யாரோ சுவிட்ச அமுத்துறாங்க, இந்த ஒயரக் கழட்டி விடுங்கண்ணேன்னு."